மேற்படி ஆடு

ஏடன் துறைமுகத்தில், கடலுக்கும் கப்பலுக்கும் நடுவே, கிரேன் கொக்கியில் ஓர் ஆட்டைத் தொங்கவிட்டுவிட்டு நைனா முகமது எழுந்து வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

ஆடு தொங்கியது ஏடனில். அவர் எழுந்து போனது மதுரையில், கோரிப்பாளையத்துக்கும் வைகைக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியிலிருந்து. அந்த ஆடு இறங்குவதற்குள் ஓர் அலுவலகமே தலைகீழாகப் போகிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இறக்கி வைத்துவிட்டே போயிருப்பார். ஒரு நிமிஷ வேலை.

நைனா முகமது கப்பலில் பண்டாரியாக இருந்தவர். கப்பல் சமையல்காரரைப் பண்டாரி என்பார்கள். அவர் உலகத்தைச் சுற்றிய சுற்றுக்குப் பூமிக்கே கிறுகிறுப்பு வந்திருக்கும். ஆனால் சுற்றிய நேரமெல்லாம் அடுப்படியிலேயே இருந்ததால், அவருடைய பூகோளம் முழுக்க வெங்காயத்தால் ஆனது. "வால்பரைசோ வெங்காயம் இனிக்கும். ஆண்ட்வெர்ப் வெங்காயத்துக்கு அழவைக்கவே தெரியாது, அம்புட்டு மரியாதை. மொம்பாசா வெங்காயம் இருக்கே, மூட்டைய அவுக்குறதுக்கு முன்னாடியே கேப்டன் மேல்தளத்துல நின்னு அழுவாரு" என்பார்.

கப்பலில் சும்மா திரிகிற ஆட்களைப் பிடித்து உட்காரவைத்து வெங்காயம் உரிக்கச் சொல்வது பண்டாரியின் உரிமை. அவர்கள் எழுந்து ஓடாமலிருக்கக் கதை சொல்வது நைனா முகமதுவின் தந்திரம். அதற்கென்று அவர் வைத்திருந்த சட்டங்களை எந்த நாட்டுக் கடற்படையும் மீறியதில்லை. உரிக்கிற கை அத்தனையும் வந்து உட்கார்ந்தால்தான் கதை தொடங்கும். ஒருவனுக்கு மட்டும் தனியாகச் சொல்லமாட்டார். வெங்காயம் தீர்ந்ததும் கதை நின்றுவிடும். கதாநாயகன் கழுத்தில் கத்தி இருந்தால் அது அங்கேயே இருக்கும். "வெங்காயம் தீர்ந்துபோச்சு" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். மறுநாள் சீஃப் ஆபீசரே வந்து, "பண்டாரி, இன்னொரு மூட்டை கொண்டாய்யா" என்று கெஞ்சுவார்.

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபின், அவர் மனைவி மைதீன் பீவி சில மாதங்கள் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார்.

"இங்க பாருங்க, என் சால்னாவுல உப்பு கூட, உறைப்புக் கொறைன்னு சொல்லிக்கிட்டு இங்கனயே உக்காந்திருக்கறதுக்கு, எங்கிட்டாச்சும் போயிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுங்க. அறியாப் பிள்ளைக, நம்பும்."

அப்படித்தான் அவர் புதன்கிழமை தோறும் அந்தப் பள்ளிக்கூடத்து ஐந்தாம் வகுப்புக்குக் கதை சொல்லப் போனார். தலைமையாசிரியை முனீஸ்வரி ஒரு நாற்காலி போட்டார். அவர் அதில் துண்டை வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தார். வெங்காயத்துக்குப் பதில் மணி. மணி அடித்ததும் கதை எங்கே நிற்கிறதோ அங்கே நிற்கும். "வெங்காயம் தீர்ந்துபோச்சு!" என்பார். பிள்ளைகள் கத்துகிற கத்தில் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கிற பஸ்கள் பச்சை விழுந்துவிட்டதாக நினைத்து நகர்ந்துவிடும்.

அன்றைக்கும் அப்படித்தான். பக்ரீத்துக்காகக் கப்பல்காரர்கள் ஏடனில் ஓர் ஆடு வாங்கினார்கள். படகில் கொண்டுவந்து, வலையில் போட்டு, துறைமுகக் கிரேனில் தூக்கினார்கள். ஆடு பாதி உயரத்தில் இருக்கும்போது கிரேன்காரனின் வேலை நேரம் முடிந்துவிட்டது. அவன் இறங்கிப் போய்விட்டான். அடுத்து வந்தவன், "நான் தூக்காததை நான் ஏன் எறக்கணும்?" என்று கைகட்டி நின்றான். துறைமுக அதிகாரி வந்து, அந்தரத்தில் இருக்கும் ஆடு கரைக்கும் சொந்தமில்லை, கப்பலுக்கும் சொந்தமில்லை என்று சொன்னார். மணி அடித்தது.

"நன்னா, இது அநியாயம்!" என்று தரையில் காலை உதைத்தாள் ஹுமா. அவருக்கு அடுத்த சந்துப் பிள்ளை, வாய் நீளம், தாத்தாவை நன்னா என்பாள்.

"ஏ, ஆடு பாவம் தாத்தா! எறக்கி வச்சுட்டுப் போங்க!" என்றான் சூரியபிரகாஷ்.

"அடுத்த புதன்" என்று சொல்லிவிட்டு நைனா முகமது நடந்தார்.

பின்வரிசையில் பிள்ளைகளோடு பிள்ளையாக ஒரு பெண்மணி உட்கார்ந்து, கைபேசியில் ஏதோ பதிந்துகொண்டிருந்ததை அவர் பார்த்தார். யாருக்கோ அம்மா என்று நினைத்துக்கொண்டார். அந்தப் பெண்மணியின் பெயர் தமிழ்வாணி. கதைநேர ஒழுங்காற்று மையத்தின் கள ஆய்வாளர்.

ஒரு காலத்தில் யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் கதை சொல்லிக்கொண்டு திரிந்த காட்டுமிராண்டித்தனத்துக்கு முற்றுப்புள்ளி வைப்பதற்காக ஏற்படுத்தப்பட்டது அந்த மையம். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டை ஒட்டி, ஒரு லாட்ஜின் மாடியில் இருந்தது. அங்கிருந்து நைனா முகமதுவுக்கு வந்த கடிதம் இப்படித் தொடங்கியது:

'பொருள்: தொங்கவிடப்பட்ட ஆடு – தொடர் நடவடிக்கை – சார்பாக. தங்கள் கதையில் ஆடு ஒன்று கொக்கியில் தொங்கிய நிலையில் கைவிடப்பட்டது கள ஆய்வில் கண்டறியப்பட்டுள்ளது. மேற்படி ஆடு தேனி தேனி பெரியகுளம் பாதுகாப்பாகத் தரையிறக்கப்படும் வரை மேற்படி கதை நிலுவையில் வைக்கப்படுகிறது. நிலுவைக் கதை உள்ள தன்னார்வலர் வேறு எந்தக் கதையும் சொல்லலாகாது.'

நடுவில் ஊர் பேர் வந்ததற்குக் காரணம் உண்டு. மையத்தின் இணை இயக்குநர் காசிமாயன் ஜன்னலோரம் நின்றுதான் கடிதம் சொல்லுவார். கீழே கண்டக்டர்கள் கத்துவதும் சேர்ந்தே டைப் ஆகும். எது இணை இயக்குநர் சொன்னது, எது கண்டக்டர் சொன்னது என்று பிரித்துப் பார்க்கும் அதிகாரம் அந்த அலுவலகத்தில் யாருக்கும் வழங்கப்படவில்லை. முன்பொரு முறை, சுற்றறிக்கையை வரி பிசகாமல் பின்பற்றி ஒரு தலைமையாசிரியர் பெரியகுளமே போய்விட்டு வந்தார். பயணப்படியும் கிடைத்தது.

நைனா முகமது நேரில் போனார்.

"வாங்க பாய், உக்காருங்க" என்று எழுந்து கும்பிட்டார் காசிமாயன். மனிதர் மரியாதையில் குறை வைப்பதில்லை. "ஆடு எப்படி இருக்கு?"

"தொங்குதுங்க."

"அதான் பிரச்னை. தடுப்பூசி போட்ட ஆடா?"

"கேக்கலைங்களே."

"கிரேன் ஓட்டுனவரு தலைக்கவசம் போட்டிருந்தாரா?"

"தலப்பா கட்டியிருந்தான்."

காசிமாயன் தமிழ்வாணியைப் பார்த்தார். தமிழ்வாணி 'தலைப்பாகை' என்று குறித்துக்கொண்டார். அறையில் கொஞ்ச நேரம் துக்கம் நிலவியது.

"சரி, போனது போகட்டும். முடிவை எழுதிக் குடுத்துட்டுப் போங்க. பரிசீலிச்சு அனுமதி குடுக்குறோம்."

"முடிவு எனக்கே தெரியாதுங்க. பிள்ளைக முன்னாடி உக்காந்து, அது நாக்குக்கு வர்றப்பத்தான் எனக்கும் தெரியும்."

காசிமாயன் நாற்காலியில் சாய்ந்தார். நோயாளியிடம் கெட்ட செய்தி சொல்லப்போகும் டாக்டரின் கனிவு அவர் முகத்தில் வந்தது.

"முடிவு தெரியாமலா பாய் ஒரு வேலைய ஆரம்பிப்பாங்க? நாங்க எப்பவும் முடிவைத்தான் முதல்ல எழுதுவோம். வேலை அதுக்கப்புறம். பல சமயம் வேலையே தேவைப்படாது, அம்புட்டுத் தெளிவா முடிவு இருக்கும். நம்ம மையம் அங்கீகாரம் குடுத்த கதை எத்தனையோ, மாவட்டம் பூராம் நடக்குது. ஒரு பிள்ளையாவது 'அப்பறம் என்னாச்சு'ன்னு கேட்டதா புகார் உண்டா? தமிழ்வாணி, இருக்கா?"

"ஒண்ணுகூட இல்ல சார்."

"பாத்தீங்களா? உங்க கதையில மட்டும் வகுப்பே எந்திரிச்சு நின்னு கத்தியிருக்கு. இது பிள்ளைகளோட மன அமைதியக் கெடுக்குற விஷயம். ஒரு கதைன்னா கேட்டு முடிச்ச பிள்ளை, கேக்குறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். அதுதான் பாதுகாப்பு."

"சார், எனக்கு இதெல்லாம் ஒத்துவராதுங்க. நான் ஆசைக்குச் சொல்ல வந்தவன். விலகிக்கிறேன்."

"தாராளமா! இது தன்னார்வப் பணி. யாரையும் கட்டாயப்படுத்துறதே கிடையாது." காசிமாயன் சிரித்தார். "விலகுறதுக்கு நிலுவைக் கதை எதுவும் இல்லேன்னு ஒரு சான்று வேணும். ஆட்டை எறக்குனதும் நானே கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

"அனுமதி இருந்தாத்தான எறக்க முடியும்?"

"ஆமா."

"முடிவு சொன்னாத்தான அனுமதி?"

"ஆமா."

"பிள்ளைக முன்னாடி உக்காந்தாத்தான எனக்கு முடிவு வரும்?"

"அதுக்குத்தான் அனுமதி வேணும்கிறேன்" என்றார் காசிமாயன், நைனா முகமதுவுக்குப் புரிந்துவிட்ட மகிழ்ச்சியில்.

நைனா முகமது படியிறங்கும்போது கீழே ஒரு கண்டக்டர் தேனி, தேனி என்று கூப்பிட்டான். ஏறிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

கதை சொல்லத் தெரியாததால்தான் அவர் முடிவில்லாமல் தவிக்கிறார் என்று மையம் இரக்கப்பட்டது. அழகர்கோவில் போகும் வழியில் ஒரு மண்டபத்தில் பயிற்சி முகாமுக்கு அனுப்பியது. 'ஒரு ஊரில்' என்று சொல்லும்போது எத்தனை பல் தெரியச் சிரிக்க வேண்டும், 'ராஜா' என்று சொல்லும்போது கையை எந்த உயரத்துக்குத் தூக்க வேண்டும் என்று பெரிய திரையில் படம் காட்டினார்கள். பயிற்சியாளர் திரையைப் பார்த்து வாசித்தார். வந்திருந்தவர்கள் தூங்கினார்கள். குறட்டையின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டு, "பங்கேற்பு அருமை" என்றார் பயிற்சியாளர். சாப்பாட்டு வேளையில் மலைக்குரங்குகள் இறங்கிவந்து பயிற்சிக் கையேடுகளைத் தூக்கிக்கொண்டு போயின. மரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டின. அந்தக் கையேட்டை முழுதாகப் புரட்டிய ஒரே கூட்டம் அதுதான். அவற்றில் ஒன்று 'ராஜா' உயரத்துக்குக் கையைத் தூக்கியதாக நைனா முகமது இன்றைக்கும் அடித்துச் சொல்லுவார்.

இதற்கிடையே பங்குனி வந்துவிட்டது. பிள்ளைகள் அவரை விடுவதாக இல்லை. பால் வாங்கப் போனால், "ஆடு எறங்கிருச்சா தாத்தா?" தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியிறங்கினால், செருப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னும் தொங்குதா?" ரேஷன் கடை வரிசையில் ஒரு பொடியன், "ஆட்டுக்குப் பசிக்காதா?" என்றான். வரிசையில் நின்ற பெரியவர்களெல்லாம் திரும்பி அவரை ஒரு கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

ஹுமா வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"நன்னா, எனக்கு மட்டும் சொல்லிருங்க. யாருகிட்டயும் சொல்லமாட்டேன். அல்லா மேல ஆணை."

"உரிச்ச கை அம்புட்டும் உக்காந்தாத்தாம்மா கதை."

"அதான் முடியாதே இனி! பரீட்சை முடிஞ்சா நாங்க ஆளுக்கொரு பள்ளிக்கூடம். நான் பொம்பளப்பிள்ளைக ஸ்கூலு. சூரியபிரகாஷு அவுங்க ஊருக்கே போறான், உசிலம்பட்டிப் பக்கம். அப்பறம் எல்லாரையும் எங்க பிடிச்சு உக்காரவைப்பீங்க?" அவள் குரல் இறங்கியது. "நாங்க எல்லாரும் பெருசாகி, கல்யாணமாகி, அப்பவும் அது தொங்கிக்கிட்டே இருக்குமா?"

நைனா முகமதுவுக்கு அன்றைக்குச் சால்னா இறங்கவில்லை. எத்தனையோ கடலில் எத்தனையோ பேரைக் கழுத்தளவுத் தண்ணீரில் விட்டுவிட்டு எழுந்திருக்கிறார். மறுநாள் போய்த் தூக்கிவிடாமல் இருந்ததில்லை. அனுமதியாவது கினுமதியாவது, வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்து சொல்லிவிடலாம்தான். ஆனால் முனீஸ்வரி டீச்சர் கையைப் பிசைந்தார்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது பாய். விளக்கம் கேட்டு எனக்குத்தான் எழுதுவாங்க. நான் ரிட்டையராகப் போறேன். ஒரு ஆட்டுனால என் பென்ஷன் தொங்கக் கூடாதுல்ல?"

கடைசியில் மையமே இரங்கி வந்தது. ஒரு குழு கூடி, நைனா முகமதுவுக்காக முடிவை எழுதிக்கொடுத்தது. 'அங்கீகரிக்கப்பட்ட முடிவு' என்று முத்திரை போட்ட தாள். பரீட்சைக்கு முந்தின புதன்கிழமை, மேடை போட்டு, இணை இயக்குநர் முன்னிலையில் அவர் அதைச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒருமுறை ஒப்பித்துப் பார்த்தார். மைதீன் பீவி வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார்.

"'அப்போது தலைக்கவசம் அணிந்த ஓர் அதிகாரி அங்கே வந்தார். அவர் உரிய ஆணையைப் பிறப்பித்தார். ஆடு பத்திரமாகக் கப்பலில் இறங்கியது. அது அதிகாரிக்கு நன்றி கூறி, இனி விதிமுறைகளை மதித்து நடப்பதாக உறுதிமொழி எடுத்தது.'"

"ஆடு எதுக்குங்க நன்றி சொல்லுது?"

"சொல்லணுமாம்."

"கப்பல்ல எறங்குன ஆடு நேரா எங்க வரும்? உங்க அடுப்படிக்குத்தான? பக்ரீத்துக்கு வாங்குன ஆடுதான அது? சட்டிக்குள்ள போகப் போறது, எறக்கிவிட்டவனுக்கு நன்றி வேற சொல்லுமாக்கும்."

நைனா முகமது தாளை மடித்தார். அவ்வளவு நாளும் ஆட்டை எப்படி இறக்குவது என்று மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தார். இறங்கினால் கையில் கத்தியோடு கீழே நிற்கப்போவது யார் என்று யோசிக்கவே இல்லை. தொங்கினாலும் கொடுமை, இறங்கினாலும் கொடுமை. பிள்ளைகள் முகத்தை நினைத்துப் பார்த்தார். இதற்குப் பெரியகுளமே மேல்.

புதன்கிழமை வந்தது. கதையென்றால் கற்றல் துணைக்கருவி கட்டாயம் என்பது விதி. கதையில் குடை வந்தால் குடை, பூசணிக்காய் வந்தால் பூசணிக்காய். ஆகவே நைனா முகமது பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது, பழுதான லாரிகளை இழுக்கும் ஒரு கிரேன் மைதானத்தில் நின்றது. கொக்கியில் ஒரு வலை. வலைக்குள், பந்தலுக்கு மேலே, நிஜ ஆடு ஒன்று நாலு காலையும் வெளியே நீட்டிக்கொண்டு மதுரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கிரேன் அந்தப் பகுதி மொக்கையனுடையது. ஆடும் அவனுடையதுதான், ஒரே ஆளிடம் வாடகைக்கு எடுத்தால் வேலை சுலபம்.

"என்னாண்ணே இது?" என்றார் நைனா முகமது.

"தூக்கச் சொன்னாக, தூக்கிட்டேன். நான் போயிச் சாப்புட்டு வாரேன் பாய்."

"எறக்குறது?"

"அது வேற ஆர்டராம்ல. இன்னும் வரல." மொக்கையன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கோரிப்பாளையம் பக்கம் நடந்தான்.

நைனா முகமதுவை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். வட்டார அலுவலகத்தின் சார்பில் ஒன்று. கோட்ட அலுவலகத்தின் சார்பில் ஒன்று. கோட்டத்துக்கு முன்னால் வட்டாரம் போர்த்தியது முறையல்ல என்று, இரண்டையும் எடுத்துவிட்டு வரிசை மாற்றி மறுபடி போர்த்தினார்கள். பங்குனி வெயிலில் பொன்னாடைகளுக்குள் அவர் வெந்தார். மேலே ஆடு, கீழே பண்டாரி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் நிலைமை மோசம் என்று இருவருக்குமே சந்தேகம் இருந்தது.

காசிமாயன் ஒலிபெருக்கியைப் பிடித்தார். அவர் சட்டைப் பையிலிருந்து 'அங்கீகரிக்கப்பட்ட முடிவு' எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. உரிய நேரத்தில் அவரே எடுத்துக் கொடுப்பதாக ஏற்பாடு.

"அன்புக் குழந்தைகளே! ஒரு ஆடு தொங்குகிறது. எல்லாரும் என்ன செய்வார்கள்? ஓடிப்போய் இறக்குவார்கள். நாங்கள் அப்படிச் செய்யவில்லை! சிந்தித்தோம். குழு அமைத்தோம். அந்தக் குழு சரியாகச் சிந்திக்கிறதா என்று பார்க்க இன்னொரு குழு அமைத்தோம். இத்தனை மாதம் ஒரு ஆட்டை நாங்கள் கீழே விடவில்லை என்றால், அதற்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்!"

தமிழ்வாணி கைதட்டினார். பிள்ளைகள் ஒருவரும் காசிமாயனைப் பார்க்கவில்லை. அத்தனை கழுத்தும் மேலே நிமிர்ந்திருந்தது.

"மேலும், நமது மையம் சுற்றுச்சூழலையும் மறக்கவில்லை. இந்த வலையைப் பாருங்கள். நெகிழி ஒரு இழைகூட இல்லை. முழுக்க முழுக்க வாழைநாரில் பின்னியது! ஆட்டுக்குத் தீங்கு விளைவிக்காதது!"

ஆட்டுக்கு அது தீங்கு விளைவிக்கவில்லைதான். அது ரொம்ப நேரமாகவே அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. முதலில் வாய்க்கு எதிரே இருந்த முடிச்சு. பிறகு அதற்குப் பக்கத்து முடிச்சு. அவசரமே இல்லை. அதற்கு இரை கொடுத்து, உட்கார இடமும் கொடுத்து, கீழே ஓர் அதிகாரியைப் பேசவும் வைத்திருக்கிறார்கள்.

"ஆடு வலையத் தின்னுது!" என்று கத்தினான் சூரியபிரகாஷ்.

"குறுக்கே பேசக் கூடாது" என்றார் காசிமாயன். "ஆடு என்பது என்ன? ஆடு என்பது ஒரு..."

ஆடு வந்தது. பந்தல் துணியில் பொத்தென்று விழுந்து, துணி கிழியாமல் தொட்டில்போல் ஓர் ஆட்டம் ஆடி, சரிவில் வழுக்கி, காசிமாயனின் படம் போட்ட ஃபிளெக்ஸ் வழியாக இறங்கி மேடையில் நின்றது. ஒலிபெருக்கியை மோந்து பார்த்தது. ஒரே ஒரு தடவை "மே" என்றது. அந்த விழாவில் அதுவரை பேசியவர்களில் சுருக்கமாகப் பேசியது அதுதான். பிறகு மேடையிலிருந்து குதித்து, வாசலைத் தாண்டி, வைகையைப் பார்த்து ஓடியது.

"துணைக்கருவி போகுது, பிடிங்க!" என்று அலறினார் காசிமாயன். அன்றைய தினத்துக்கு அந்த ஆடு அரசு உடைமை. வட்டாரம் ஓடியது, கோட்டம் ஓடியது, தமிழ்வாணி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். ஆற்றுக்குள் தண்ணீர் இல்லை, புல்தான். ஆடு முன்னால் போக, மாவட்டமே பின்னால் போனது.

பள்ளிக்கூடம் திடீரென்று அமைதியானது. முனீஸ்வரி டீச்சர் மெதுவாக நடந்துபோய் இரும்புக் கேட்டைச் சாத்திப் பூட்டினார்.

"ஆடு திரும்ப உள்ள வந்துரக்கூடாதுல்ல?" என்றார், யாரும் கேட்காமலே. "உங்களுக்கு நிலுவை எதுவும் இருந்தா முடிச்சுக்கங்க பாய். கதைநேரத்துல வெளியாளை உள்ள விடக் கூடாதுன்னு அவுக சுற்றறிக்கையே இருக்கு."

நைனா முகமது பொன்னாடைகளை ஒவ்வொன்றாக உரித்துப் போட்டார். மேடையிலிருந்து இறங்கி வேப்பமரத்தடி மணலில் உட்கார்ந்தார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரு தலைகூடக் குறையவில்லை.

"ஆடுதான் எறங்கிருச்சே தாத்தா" என்றான் சூரியபிரகாஷ்.

"லூசு, அது மொக்கையண்ணே ஆடுடா" என்றாள் ஹுமா. "நன்னாவோட ஆடு இன்னும் ஏடன்லதான் தொங்குது."

"தொங்குது" என்றார் நைனா முகமது. "எறங்கணும்கிறீங்க. எறங்குனா எங்க வரும்?"

"கப்பலுக்கு!"

"கப்பல்ல எங்க?"

பிள்ளைகள் யோசித்தார்கள். சூரியபிரகாஷின் முகம்தான் முதலில் மாறியது. "அடுப்படிக்கு..." என்றான்.

"அங்க கத்தியோட யாரு நிக்கிறா?"

அத்தனை கண்ணும் அவர் கையைப் பார்த்தன. ஹுமா எழுந்தே நின்றுவிட்டாள். "எறக்காதீங்க நன்னா!" என்று கத்தினாள். "எறக்காதீங்க!" என்று வகுப்பே சேர்ந்து கத்தியது. இத்தனை மாதமாக அவரைத் தெருத்தெருவாக விரட்டிய அதே பிள்ளைகள்.

அந்த முகங்களைப் பார்த்தபோதுதான் முடிவு அவர் நாக்குக்கு வந்தது.

"நான் கீழ நின்னு கத்தியத் தீட்டிக்கிட்டே இருக்கேன். எறக்குனாத்தான? துறைமுகத்து ஆபீசர், கேப்டன் எழுதிக் குடுக்கட்டும்கிறாரு. கேப்டன், அவரு எழுதட்டும்கிறாரு. மாட்டு டாக்டர் வந்தாரு. கால் தரையில பட்ட ஆட்டுக்குத்தான் நான் சர்டிபிகேட் குடுக்க முடியும்னுட்டாரு. கால் தரையில படணும்னா சர்டிபிகேட் வேணும். கூட்டம் கூடிக்கிட்டே போகுது. ஆடு மேல இருந்து பாக்குது. கீழ அம்புட்டுப் பேரும் இங்கிட்டும் போக முடியாம அங்கிட்டும் போக முடியாம நிக்கிறாங்க. அட பாவமே, இவுகள யாரு இப்படிக் கட்டிப்போட்டதுன்னு நெனைக்குது."

பிள்ளைகள் சிரித்தார்கள்.

"கப்பல் கெளம்புற நேரம் வந்துருச்சு. கடல் காத்திருக்குமா? ஊதுனாங்க சங்கை. கெளம்பிட்டோம். ஆடு அங்கனயே தொங்குது. நாங்க தொலைவுக்குப் போனப்பறம், மொதல்ல தூக்குனானே கிரேன்காரன், அவன் மறுபடி வேலைக்கு வந்தான். அவன் தூக்குனது, அவன் எறக்கலாம்ல? எறக்குனான், கரையில. வாங்குன கப்பலும் இல்ல, வெட்டுற பண்டாரியும் இல்ல. ஆடு பாட்டுக்கு ஊருக்குள்ள நடந்து போயிருச்சு."

"அப்ப பக்ரீத்துக்கு?"

"பம்பாய் வர்ற வரைக்கும் வெங்காயக் குழம்புதான்." அவர் குரலைத் தாழ்த்தினார். பிள்ளைகள் நெருங்கி வந்தார்கள். "சொல்லுங்க, ஆட்டைக் காப்பாத்துனது யாரு? அந்த ஆபீசருங்கதான். ஒருத்தர், ஒரே ஒருத்தர், சட்டுனு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தாருன்னா..." விரலால் கழுத்தில் ஒரு கோடு இழுத்தார்.

மணி அடித்தது. பிள்ளைகள் கைதட்டிய தட்டில் வேப்பமரத்துக் காக்கைகள் ஆற்றைத் தாண்டிப் போயின. ஹுமா மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தாள். பிறகு, "நல்லவேளை" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்தாள்.

கேட்டுக்கு வெளியே யாரோ மூச்சு வாங்கினார்கள். காசிமாயன் நின்றுகொண்டிருந்தார். தலையெல்லாம் புல், முழங்கால் வரை சேறு. வறண்ட வைகையில் சேற்றை எங்கே கண்டுபிடித்தார் என்பது தெரியவில்லை. அக்குளில் ஆடு. பின்னால் தமிழ்வாணி, ஒற்றைச் செருப்போடு.

"பாய்! ரோட்டுல வர்றப்ப பிள்ளைக 'எறக்காதீங்க'ன்னு கத்துச்சுகளே, ஏன்? கதை முடிஞ்சிருச்சா?" அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்தக் குரலில் இணை இயக்குநர் இல்லை. கப்பலில் கையில் வெங்காயத்தோடு உட்கார்ந்திருந்த யாரோ இருந்தார்கள். "எறங்குச்சா, இல்லையா?"

"சாவியத்தான் சார் தேடிக்கிட்டிருக்கேன்" என்றார் முனீஸ்வரி டீச்சர், இடுப்பில் சாவியோடு.

"கதவு கெடக்கட்டும் டீச்சர்! பாய், ஆடு என்னதான் ஆச்சு?"

நைனா முகமது பிள்ளைகளைப் பார்த்தார். பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள். அவர் துண்டை எடுத்து உதறினார்.

"வெங்காயம் தீர்ந்துபோச்சு சார்!" என்றது ஐந்தாம் வகுப்பு, ஒரே குரலில்.

காசிமாயன் கம்பியை விடவில்லை. அவர் அக்குளில் இருந்த மேற்படி ஆடு கழுத்தை வளைத்து, அவர் சட்டைப் பையிலிருந்த அங்கீகரிக்கப்பட்ட முடிவை எடுத்து மெல்லத் தொடங்கியிருந்தது.